நெஞ்சை அழுத்தும்போது ‘மளுக்’கென்று சத்தம் வந்தால்

வேலூர் காந்தி ரோட்டில் லாட்ஜ்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். சிஎம்சியில் வைத்தியம் பார்க்க வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வருகிறவர்கள் வாரக்கணக்கில் தங்குகிற அறைகள். தங்குகிறவர்களில் இதயக் கோளாறோடு வருகிறவர்கள் நிறைய. அதனால் அங்கே வேலை செய்யும் வாட்ச்மேன்களுக்கும் ரூம் பாய்களுக்கும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிபிஆர், அதாவது இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்தி ரத்தத்தை ஓடவைக்கிற முதலுதவி, சொல்லிக்கொடுக்கிறேன். அவசரப் பிரிவில் ஆண் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பொம்மையின் நெஞ்சை அழுத்திக் காட்டி முடித்ததும் எந்த வகுப்பிலும் முதலில் வருகிற கேள்வி ஒன்றுதான்: “சார், எலும்பு கிலும்பு உடைஞ்சிட்டா கேஸு எங்க மேல வராதா?”

நியாயமான கேள்வி. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உடையலாம். வயதானவர்களுக்கு உடைவதுதான் அதிகம். இதை வகுப்பில் யாரும் அழுத்திச் சொல்வதில்லை. சொன்னால் பயந்துவிடுவார்கள் என்று நினைக்கிறார்கள். சொல்லாமல் விட்டால், உண்மையான ஆளின் மேல் கை வைத்து முதல் சத்தம் கேட்டவுடன் நிறுத்திவிடுவார்கள். அதுதான் பெரிய ஆபத்து.

எனக்கே அது நடந்தது. அப்போது 23 வயது, வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம். இரவு டியூட்டி. அறுபதைத் தாண்டிய ஒரு அம்மாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆறாவதோ ஏழாவதோ அழுத்தில், காய்ந்த முருங்கைக் குச்சியை ஒடித்த மாதிரி என் உள்ளங்கைக்குக் கீழே ஒரு ‘மளுக்’. காதில் கேட்டதைவிட கையில்தான் அதிகம் தெரிந்தது. சட்டென்று கையை எடுத்துவிட்டேன். பின்னால் நின்றிருந்த மூத்த சிஸ்டர், “எதுக்குப்பா நிறுத்தினே? அழுத்து!” என்று ஓர் அதட்டல் போட்டார். பத்து விநாடி வீணாகியிருக்கும். அந்தப் பத்து விநாடியை நான் இன்னும் மறக்கவில்லை.

சிபிஆர் கற்றுக்கொண்டு, சான்றிதழைப் பையில் வைத்துக்கொண்டு, இன்னும் ஒரு ஆள் மேலும் செய்து பார்க்காதவர்களுக்காக இதை எழுதுகிறேன். எப்படிச் செய்வது என்பதோடு, எங்கே தப்பினால் எது காயப்படும், காயப்பட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில், இது தேவையா என்று பாருங்கள்

கத்திரி வெயிலில் வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டில் ஒருவர் சுருண்டு விழுந்தால், வெயில் மயக்கமாக இருக்கலாம். சர்க்கரை இறங்கியிருக்கலாம். வலிப்பாக இருக்கலாம். குடித்திருக்கலாம். இவர்கள் யாருக்கும் நெஞ்சை அழுத்த வேண்டியதில்லை.

தோள் இரண்டையும் தட்டி உரக்கக் கூப்பிடுங்கள். அசைவே இல்லையா? நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பத்து விநாடிக்கு மேல் போகாமல் பாருங்கள். மூச்சு சீராக இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108-ஐ அழைத்து, பக்கத்திலேயே இருங்கள். மூச்சு இல்லாவிட்டால் அழுத்த ஆரம்பியுங்கள்.

ஒரு விஷயத்தில் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். இதயம் நின்ற சில நிமிடங்கள் வரை சிலருக்கு மீன் வாயைத் திறந்து திறந்து மூடுவது போல எப்போதாவது ஒரு இழுப்பு வரும். குறட்டை மாதிரியும் கேட்கும். “மூச்சு இருக்குப்பா” என்று சுற்றி நிற்கிறவர்கள் சொல்வார்கள். அது மூச்சு இல்லை. அழுத்தத் தொடங்க வேண்டும்.

சரி, தப்பாகக் கணித்து, இதயம் ஓடிக்கொண்டிருப்பவரின் நெஞ்சை அழுத்திவிட்டால்? அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் இதை ஆராய்ந்து 2010-இல் வெளியிட்டார்கள். போனில் சொல்லச் சொல்லப் பொதுமக்கள் நெஞ்சை அழுத்தியவர்களில், உண்மையில் இதயம் நிற்காதவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தார்கள். எலும்பு முறிந்தது நூற்றுக்கு இரண்டு பேருக்குத்தான். உள்ளுறுப்பு எதுவும் கிழிந்த ஆள் ஒருவரும் இல்லை. மூச்சு இல்லாதவரை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றால் நிமிடத்துக்கு 7 முதல் 10 சதவீதம் வரை பிழைக்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். சந்தேகம் வந்தால் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

படுக்க வைப்பதிலும் காயம் இருக்கிறது

மெத்தையிலும் கயிற்றுக் கட்டிலிலும் அழுத்தினால் நெஞ்சு இறங்காது, கட்டில்தான் இறங்கும். அழுத்தம் போதவில்லை என்று நீங்கள் இன்னும் பலமாக, கோணலாக அழுத்துவீர்கள். தரையில் இறக்குங்கள். இறக்கும்போது ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ளட்டும். அவசரத்தில் தலையைத் தரையில் ‘டங்’கென்று போட்டுவிட்டு, நெஞ்சைக் காப்பாற்றுகிறேன் என்று மண்டையில் அடிபட்ட ஆளை அனுப்பி வைத்ததைப் பார்த்திருக்கிறேன். சாலை விபத்தாகவோ மரத்திலிருந்து விழுந்தவராகவோ இருந்தால் கழுத்தை முறுக்காமல் ஒரே வாட்டமாகத் திருப்ப வேண்டும்.

அடுத்தது, பாடப் புத்தகத்தில் இருக்காத ஒரு சமாச்சாரம். பெண்கள் என்றால் தாலிச் சரடு. நம் ஊரில் சரட்டோடு பொட்டு, காசு, குண்டு என்று கோத்திருப்பார்கள். சரியாக நெஞ்செலும்பின் மேல்தான் அது கிடக்கும். அதன் மேலேயே உள்ளங்கையை வைத்து நூறு தடவை அழுத்தினால் தங்கக் காசு தோலைக் கிழித்துக்கொண்டு உள்ளே இறங்கும். உங்கள் கையையும் குத்தும். குத்தினால் நீங்கள் தானாகவே கையை ஓரமாக நகர்த்துவீர்கள், இடம் தப்பிப்போகும். கழற்ற வேண்டாம், அறுக்கவும் வேண்டாம். தோள் பக்கமாக ஒதுக்கித் தள்ளினால் போதும். ஆண்களுக்குச் சட்டைப் பையில் இருக்கும் பேனா, செல்போன், மூக்குக்கண்ணாடிக் கூடு எல்லாம் இதே கணக்கில் சேர்த்தி.

கை வைக்கும் இடம்

எல்லாம் இங்கேதான் இருக்கிறது. காயங்களில் பாதியை இந்த ஓர் இடத்திலேயே தவிர்த்துவிடலாம் என்பது என் அனுபவம்.

நெஞ்சின் நட்டநடுவில், கழுத்துக்குழியிலிருந்து கீழே இறங்கும் தட்டையான எலும்பு இருக்கிறதே, அதுதான் நெஞ்செலும்பு. அதை இரண்டாகப் பிரித்தால் கீழ்ப்பாதி. ஆனால் எலும்பின் கடைசி நுனி கிடையாது. நுனியில் குருத்தெலும்பால் ஆன சின்ன வால் ஒன்று இருக்கும். விலா எலும்புகள் இரு பக்கமும் சேர்ந்து கூரை முகடு போல முடிகிற இடத்தில் தடவினால் கிடைக்கும். அதன் மேல் கை போகக்கூடாது. உள்ளங்கையின் அடிப்பாகத்தை, மணிக்கட்டை ஒட்டிய மேட்டை, நெஞ்செலும்பின் மேல் நெடுக்காகப் பொருந்த வையுங்கள். அதன் மேல் இன்னொரு கை. விரல்களைக் கோத்து மேலே தூக்கிக்கொள்ளுங்கள்.

விரலைத் தூக்குவது அழகுக்காக இல்லை. விரல்கள் விலா எலும்பின் மேல் படிந்திருந்தால் நீங்கள் போடுகிற பாரத்தில் ஒரு பங்கு அந்த எலும்புகளுக்குப் போகும். விலா எலும்பு வளைந்த மூங்கில் பத்தை மாதிரி. முன்பக்கம் நடுவிலிருந்து தாங்கும், பக்கவாட்டில் குத்தினால் தாங்காது.

இடம் தப்பினால் என்ன ஆகும்? இடப்பக்கம் போனால் விலா எலும்பு முறியும், அதன் கூரான முனை நுரையீரலின் உறையைக் குத்தும். இதயம் இடப்பக்கம்தானே இருக்கிறது என்று சினிமா பார்த்துவிட்டு இடது மார்பிலேயே கை வைக்கிறவர்கள் எல்லா வகுப்பிலும் இரண்டு பேர் உண்டு. கீழே போனால் அந்தக் குருத்தெலும்பு வால் உள்ளே வளையும். அதற்கு நேர் அடியில் கல்லீரலின் இடது மடலும் இரைப்பையும் இருக்கின்றன. கல்லீரல் கிழிவது அபூர்வம்தான், ஆனால் கிழிந்தால் வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கொட்டும், வெளியே ஒன்றும் தெரியாது. மண்ணீரல் அதைவிட அபூர்வம். மேலே போனால் காயம் குறைவு, பயனும் குறைவு.

கர்ப்பிணி என்றாலும் கை அதே இடம்தான். வயிறு பெரிதாக இருந்தால் இன்னொருவர் வயிற்றை மெல்ல இடப்பக்கமாகத் தள்ளிப் பிடிக்கட்டும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இரண்டு கைகளாலும் மார்பைச் சுற்றிப் பிடித்து, இரண்டு கட்டைவிரலால், 4 செ.மீ. அளவுக்கு. குழந்தைகளின் விலா எலும்பு பச்சை மூங்கில், முறிவது அரிது.

எவ்வளவு ஆழம், எவ்வளவு வேகம்

பெரியவர்களுக்கு 5 செ.மீ.க்குக் குறையக்கூடாது, 6 செ.மீ.யைத் தாண்டக்கூடாது. நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. சொல்வது சுலபம். 5 செ.மீ. என்றால் என்ன என்று வகுப்பில் கேட்டால் ஆளுக்கொரு அளவு காட்டுவார்கள். நான் குடியாத்தத்துத் தீப்பெட்டி ஒன்றை எடுத்து மேசையில் நெட்டுக்குத்தாக நிறுத்துவேன். ஏறக்குறைய அந்த உயரம்தான். “அவ்ளோ உள்ளே போகணுமா சார்?” என்று கண்ணை விரிப்பார்கள். ஆமாம், அவ்வளவு.

அந்த 6 என்ற மேல் எல்லை சும்மா போட்டதில்லை. 2010-இன் அமெரிக்க வழிமுறைகளில் ‘குறைந்தது 5’ என்று மட்டும்தான் இருந்தது. 6-ஐத் தாண்டி அழுத்தும்போது காயங்கள் கூடுகின்றன என்று தெரிந்த பிறகு, 2015 வழிமுறைகளில் மேல் எல்லையையும் சேர்த்தார்கள். ஆனால் என் பார்வையில், புதியவர்கள் அதிகம் அழுத்திக் கெடுப்பது குறைவு. பயந்து பயந்து 3 செ.மீ. அழுத்துகிறவர்கள்தான் அதிகம். அதில் எலும்பும் முறியாது, ஆளும் பிழைக்கமாட்டார். விதிவிலக்கு, உடம்பில் வலு உள்ள இளவட்டங்கள். தோல் ஷாப்பில் மூட்டை தூக்கிப் பழகிய ராணிப்பேட்டைப் பையன் ஒருவன் முதல் நாளிலேயே என் பொம்மையின் ஸ்பிரிங்கை உடைத்தான்.

முழங்கை மடங்காமல், தோள் நேராக நெஞ்சுக்கு மேலே வரும்படி மண்டியிட்டு, இடுப்பிலிருந்து பாரத்தைக் கொடுங்கள். செங்குத்தாக இறங்க வேண்டும். தொட்டில் ஆட்டுவது போல முன்னும் பின்னும் ஆடினால் நெஞ்செலும்பு பக்கவாட்டில் நெரிபடும். ஒவ்வொரு அழுத்துக்கும் பிறகு நெஞ்சு முழுதாக மேலே எழும்ப விடுங்கள், ஆனால் கையைத் தூக்கிக் குத்தாதீர்கள். தூக்கித் தூக்கிக் குத்தினால் ஒவ்வொரு குத்தும் வேறு வேறு இடத்தில் விழும். அதற்குப் பெயர் சிபிஆர் இல்லை, அடி.

இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். களைப்பு தெரிவதற்கு முன்பே ஆழம் குறைய ஆரம்பித்துவிடும். களைத்தவர் நெஞ்சின் மேல் சாய்ந்துகொள்வார், விரல்களும் இறங்கிவிடும்.

அந்தச் சத்தம்

இப்போது ‘மளுக்’குக்கு வருவோம். பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு நிமிடங்களில் வரும். சில சமயம் அது எலும்பே இல்லை. விலா எலும்பும் குருத்தெலும்பும் சேர்கிற மூட்டு விட்டுக்கொடுப்பது. சில சமயம் எலும்புதான். நடுவிலிருக்கும் விலா எலும்புகள், முன்பக்கத்தில், வரிசையாக ஒன்றுக்கு மேல் முறிவது உண்டு. நெஞ்செலும்பே குறுக்காக விரிசல் விடுவதும் உண்டு. எலும்பு தேய்ந்த வயதான பெண்களுக்கு இது கூடுதல்.

சத்தம் வந்தால் செய்ய வேண்டியது:

கையை எடுக்காதீர்கள். அழுத்திக்கொண்டே, கை நடுவில்தான் இருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். நகர்ந்திருந்தால் சரியான இடத்துக்குக் கொண்டுவாருங்கள். சரியாக இருந்தால் அப்படியே தொடருங்கள். அவ்வளவுதான்.

கூடவே ஒன்றைக் கவனியுங்கள். எலும்பு விட்டுக்கொடுத்த பிறகு நெஞ்சு முன்பைவிட மெத்தென்று இறங்கும். அதே பலத்தைப் போட்டால் 6 செ.மீ.யைத் தாண்டிவிடும். முன்பு போட்ட பாரத்தைக் கொஞ்சம் குறைத்து, ஆழத்தை மட்டும் அதே அளவில் வைத்துக்கொள்ளுங்கள். உடைந்த விலா எலும்பு நுரையீரலைக் குத்துவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் நடக்கும் என்பது என் எண்ணம்.

ஏன் நிறுத்தக்கூடாது? நன்றாகச் செய்த சிபிஆர்கூட இயல்பான ரத்த ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் எட்டும். அடிபம்பு மாதிரி, நாலைந்து அடி அடித்தால்தான் தண்ணீர் மேலே ஏறும், கையை விட்டால் சரசரவென்று இறங்கிவிடும். மறுபடி முதலிலிருந்து ஏற்ற வேண்டும். மூளை அந்த இடைவெளியைப் பொறுக்காது. விலா எலும்பு ஆறு வாரத்தில் கூடிவிடும்.

இந்த முறை வருவதற்கு முன்பு மருத்துவமனைகளில் என்ன செய்தார்கள் தெரியுமா? மார்பைக் கத்தியால் பிளந்து, இதயத்தைக் கையில் பிடித்துப் பிசைந்தார்கள். 1960-இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கூவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் மூவரும்தான் மூடிய நெஞ்சின் மேல் அழுத்தினாலே போதும் என்று எழுதினார்கள். இதில் கூவன்ஹோவன் மருத்துவரே இல்லை, மின்பொறியாளர். விலா எலும்பு முறிவது எவ்வளவு மலிவான விலை என்பது அந்தப் பழைய வழக்கத்தோடு வைத்துப் பார்த்தால் புரியும்.

வாந்தியும் வாயோடு வாயும்

வாயில் ஊதும்போது காற்று நுரையீரலுக்குப் போகாமல் இரைப்பைக்குப் போனால் வயிறு உப்பும், உள்ளே இருப்பது மேலே வரும், அது மூச்சுக்குழாயில் இறங்கும். பலமாக, வேகமாக ஊதினால் இது நடக்கும். வயிறு மிக அதிகமாக உப்பி இரைப்பை கிழிந்ததும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது, அபூர்வத்திலும் அபூர்வம். இந்திய மயக்கவியல் மருத்துவர்கள் 2017-இல் பொதுமக்களுக்கு என்று வெளியிட்ட வழிமுறை நெஞ்சை அழுத்துவதை மட்டும்தான் சொல்கிறது. பயிற்சி குறைந்தவர்களுக்கு அதுவே நல்லது.

விலக்கு உண்டு. தண்ணீரில் மூழ்கியவர்களுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் மூச்சும் தேவை, ஏனென்றால் அவர்களுக்கு முதலில் தீர்ந்துபோனது காற்றுதான். பயிற்சி பெற்றிருந்தால் 30 அழுத்துக்கு 2 மூச்சு. நெஞ்சு லேசாக எழும்புகிற அளவுக்கு, ஒரு விநாடி நிதானமாக.

வட ஆற்காட்டுக் கிராமங்களில் கிணறும் ஏரியும் இல்லாத ஊர் ஏது? கோடை விடுமுறையில் கிணற்றில் குதித்த பையனைத் தூக்கியவுடன் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவார்கள், அல்லது வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பார்கள். தயவுசெய்து வேண்டாம். நுரையீரலில் போன தண்ணீர் வயிற்றை அமுக்கினால் வராது. வயிற்றில் இருக்கிற சோறும் தண்ணீரும்தான் வந்து நுரையீரலுக்குள் போகும். நேரமும் போகும்.

வாந்தி வந்துவிட்டால் உடம்போடு சேர்த்து ஒரு பக்கம் புரட்டி, துண்டைச் சுற்றிய விரலால் கண்ணுக்குத் தெரிவதை வழித்து எடுத்துவிட்டு, மல்லாக்கப் போட்டு மறுபடி அழுத்துங்கள். தொண்டைக்குள் குருட்டாம்போக்கில் விரலை விட்டுத் துழாவ வேண்டாம்.

ஷாக் கொடுக்கும் ஏஇடி கருவி கிடைத்தால் அதன் பட்டைகளை ஒட்டும் முன் வியர்வையைத் துடையுங்கள். ஈரத் தோலில் பட்டை சரியாக ஒட்டாது, தோல் பொசுங்கும். பட்டை எந்த நகையின் மேலும் படக்கூடாது.

ஆம்புலன்ஸ் வந்த பிறகு

இதயம் திரும்ப ஓடத் தொடங்கினால் எல்லோரும் கும்பிட்டுவிட்டுக் கலைந்துவிடுகிறார்கள். உங்கள் வேலை இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. 108-இல் வந்தவரிடமோ மருத்துவமனைக் கேஷுவாலிட்டியிலோ இதைச் சொல்ல வேண்டும்: “நெஞ்சை அழுத்தினோம். இத்தனை மணிக்கு விழுந்தார், இத்தனை நிமிடம் அழுத்தினோம். எலும்பு முறிந்த சத்தம் வந்தது. வாந்தி எடுத்தார். ஏற்கெனவே ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாராம்.”

இது ஏன் முக்கியம் என்றால், மாரடைப்பு என்று உறுதியானால் உறைந்த ரத்தக் கட்டியைக் கரைக்கவும் ரத்தத்தை இளக்கவும் மருந்து போடுவார்கள். உள்ளே கல்லீரலிலோ மார்பிலோ ஒரு சின்னக் கிழிசல் இருந்தால் அந்த மருந்து அதைப் பெரிய ரத்தக்கசிவாக்கிவிடும். சிபிஆர் நடந்தது தெரிந்தால் மருத்துவர் அதையும் மனதில் வைத்துக்கொண்டு ஸ்கேன் பார்ப்பார். எங்கள் வார்டில் ஒருவருக்கு மாரடைப்புக்கு மருந்து போட்ட சில மணி நேரத்தில் ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனது. இதயம்தான் காரணம் என்று எல்லோரும் அதன் பின்னாலேயே ஓடினோம். வீட்டிலேயே மகன் கால் மணி நேரம் நெஞ்சை அழுத்தியிருக்கிறான் என்பது மறுநாள் காலையில் காபி வாங்கப் போனபோது பேச்சுவாக்கில்தான் தெரிந்தது. வயிற்றில் ரத்தம் தேங்கியிருந்தது. பையன் பயந்து சொல்லாமல் விட்டிருந்தான்.

பக்கத்தில் இருக்கிற உறவினர்கள் கண்ணில் பட வேண்டியவை: மூச்சுத் திணறல் கூடிக்கொண்டே போவது, நெஞ்சில் ஒரு பக்கம் மட்டும் ஏறி இறங்குவது, மூச்சு இழுக்கும்போது மற்ற இடமெல்லாம் மேலே வர, நெஞ்சின் ஒரு துண்டு மட்டும் உள்ளே போவது, வயிறு வீங்கி இறுகுவது, முகம் வெளிறி, கை கால் சில்லிடுவது. கழுத்தோ மார்போ திடீரென உப்பி, அழுத்தினால் பொரி நொறுங்குகிற மாதிரி தோலுக்கடியில் நறநறவென்றால், காற்று கசிகிறது என்று பொருள். இதில் எது தெரிந்தாலும் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். மார்புக்குள் காற்றோ ரத்தமோ சேர்ந்திருந்தால் பக்கவாட்டில் ஒரு குழாய் போட்டு வெளியேற்றுவார்கள். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் போட்ட கொஞ்ச நேரத்தில் மூச்சு இலகுவாகும். இரண்டு மூன்று நாள் கழித்துக் காய்ச்சலும் சளியும் வந்தால், வாந்தி நுரையீரலில் இறங்கியதன் விளைவாக இருக்கலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு விலா வலி

மாரடைப்பிலிருந்து பிழைத்து வந்தவர் மாரடைப்பைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டார். விலா வலியைப் பற்றித்தான் சொல்வார். இருமினால் வலி, தும்மினால் உயிர் போகிற வலி, புரண்டு படுத்தால் வலி. ஆறு வாரம் ஆகும்; வயதானவர்களுக்கு இன்னும் கூடும்.

எங்கள் பக்கம் எலும்பு முறிவு என்றாலே புத்தூர்க் கட்டு பேச்சு வந்துவிடும். கைக்கும் காலுக்கும் என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், விலாவுக்குக் கட்டு போடாதீர்கள். நெஞ்சைச் சுற்றி இறுக்கிக் கட்டினால் ஆழமாக மூச்சு விட முடியாது. நுரையீரலின் அடியில் சளி தேங்கி நிமோனியா வரும். எண்ணெய் போட்டு உருவுவதும் கூடாது.

செய்ய வேண்டியது எளிது. இருமும்போது ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மணிக்கொரு தடவை பத்து ஆழ்ந்த மூச்சு. மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் கருவி ஒன்றைக் கொடுத்து அனுப்பியிருப்பார்கள். அதை எல்லோரும் ஊதுகிறார்கள். ஊதக்கூடாது, உறிஞ்ச வேண்டும். இளநீரை ஸ்ட்ராவில் இழுப்பது போல மெதுவாக இழுத்து, பந்தை மேலேயே நிறுத்திப் பார்க்க வேண்டும். வலி மாத்திரையை மருந்துக் கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். இதயத்துக்குச் சாப்பிடும் மருந்துகளோடு சில வலி மாத்திரைகள் சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியும். எது சாப்பிடலாம் என்று டிஸ்சார்ஜ் அன்றே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மறதி, எரிச்சல், தூக்கமின்மை சில வாரங்கள் இருக்கலாம். அது நெஞ்சை அழுத்தியதால் வந்தது இல்லை, மூளைக்கு ரத்தம் போகாத நிமிடங்களால் வந்தது.

கேஸ் வருமா?

வாட்ச்மேன் கேட்டதற்கு வருகிறேன். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 30-ஆம் பிரிவு, சம்மதம் சொல்ல முடியாத நிலையில் இருப்பவரின் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்த செயலால் தீங்கு நேர்ந்தாலும் அது குற்றமாகாது என்கிறது. பழைய தண்டனைச் சட்டத்திலும் 92-ஆம் பிரிவாக இது இருந்தது. சாலை விபத்து என்றால் 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 134ஏ பிரிவு உதவியவரைத் தனியாகவே பாதுகாக்கிறது. பெயர், முகவரி கொடுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தக்கூடாது.

சட்டம் ஒரு பக்கம். சுற்றி நிற்கிற சொந்தக்காரர்கள் இன்னொரு பக்கம். அதனால் கை வைப்பதற்கு முன்பே உரக்கச் சொல்லிவிடுங்கள்: “மூச்சு இல்லை. நெஞ்சை அழுத்தப் போகிறேன். எலும்பு முறியலாம், பரவாயில்லை. யாராவது 108-க்கு போன் போடுங்க.” காந்தி ரோட்டுப் பையன்கள் இதை இந்தியிலும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள்.

இறந்துவிட்டால்? வெளியிடத்தில் இதயம் நின்றவர்களில் பெரும்பாலோர் என்ன செய்தாலும் பிழைப்பதில்லை. பிரேதப் பரிசோதனையில் விலா எலும்பு முறிவுகள் தெரியும். அது சிபிஆரின் அடையாளம் என்று பார்க்கிற மருத்துவருக்குத் தெரியும். உங்கள் கைக்கு வந்தபோதே அவருடைய இதயம் நின்றிருந்தது. இரண்டு மூன்று இரவு தூக்கம் வராது, அந்த ‘மளுக்’ காதில் கேட்டுக்கொண்டே இருக்கும். யாரிடமாவது பேசுங்கள். முழங்காலிலும் இடுப்பிலும் வலி இருக்கும், அதற்கு ஒத்தடம் போதும்.

கடைசியாக, பழகுவது. விரிஞ்சிபுரத்திலிருந்து வந்த ஒரு தம்பி வகுப்பு முடிந்த அன்று மாலையே, மறந்துவிடக்கூடாது என்று, திண்ணையில் படுத்திருந்த மச்சான் நெஞ்சில் நாலு அழுத்து அழுத்திப் பார்த்திருக்கிறான். சரியான இடம், சரியான ஆழம். மச்சானுக்கு ஒரு விலா எலும்பில் விரிசல், மூன்று வாரம் பேச்சுவார்த்தை கிடையாது. பொம்மை கிடைக்காவிட்டால் காலி இரண்டு லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலை மூடியை இறுக்கித் துண்டில் சுற்றித் தரையில் வைத்து அழுத்துங்கள்.